கடவையும் கடமையும்

இருப்புப்பாதையும் சாலையும் ஒரே மட்டத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இடத்தைக் கடவை என்பர். மக்கள் வழக்கில் அது 'ரயில்வே கேட்'. சிங்கப்பூரில் கிராஞ்சி முதலிய இடங்களில் இத்தகைய கடவைகள் இருந்தன. இரயில் வரும் நேரமறிந்து காவலர் சாலையை அடைப்பார். இருபுறமும் வண்டிகள் காத்து நிற்கும். இரயில் கடந்து சென்றதும் வழி மீண்டும் திறக்கும். 2011 ஜூன் 30ஆம் நாளோடு தஞ்சோங் பகார் நிலையத்திற்கான இரயில் போக்குவரத்து நின்றது; அக்காட்சியும் வரலாறாயிற்று.

அக்காவலர் செய்த வேலை எளிது. தாங்கிய பொறுப்போ பெரிது. அவரை அகற்றிவிட்டு, அவர் நின்ற இடத்தில் ஓர் இயந்திரத்தை நிறுத்தினால், அவர் தாங்கிய பொறுப்பு யாரைச் சேரும்? இவ்வினா எழுந்த நாடுகளுள் இங்கிலாந்தும் ஒன்று. விடையை அறிந்துகொள்ள அந்நாடு 1968ஆம் ஆண்டில் பதினொரு உயிர்களை விலையாகக் கொடுத்தது.

வாயிலும் காவலரும்

இருப்புப்பாதை இங்கிலாந்தில் பரவத் தொடங்கிய காலத்திலேயே கடவைகளின் ஆபத்து உணரப்பட்டது. குதிரை வண்டிக்காரன் கடிவாளத்தை இழுத்து வண்டியை நிறுத்தலாம்; ஓரமாக விலகலாம். இரயிலுக்கு அவ்விரண்டும் இயலா. விலகுவதற்கு அதற்கு வேறு வழியில்லை. விரைந்து வரும்போது நிற்பதற்கோ நெடுந்தொலைவு வேண்டும். ஆகவே காக்க வேண்டிய கடமை பாதையை அமைத்தவர்களுக்கே உரியது என அந்நாட்டுச் சட்டம் கருதியது. பெருஞ்சாலைகளை இருப்புப்பாதை குறுக்கிடும் இடங்களில் வாயில்கள் அமைத்து, அவற்றைத் திறந்து மூட ஆள்களையும் நியமிக்க வேண்டும் என்று 1839ஆம் ஆண்டுச் சட்டம் இரயில் நிறுவனங்களைப் பணித்தது. 1845ஆம் ஆண்டில் வந்த சட்டமும் இக்கடமையை உறுதி செய்தது.

இந்த ஏற்பாடு நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. அதன் வலிமை அதன் எளிமையில் இருந்தது. வாயில் மூடியிருந்தால் சாலையில் செல்வோன் நிற்க வேண்டும்; திறந்திருந்தால் செல்லலாம். அவன் சிந்திக்க வேண்டியது அவ்வளவே. மந்தையை ஓட்டி வருபவனாயினும், பாரவண்டியை மெல்ல நகர்த்தி வருபவனாயினும், அவனைக் கண்ணால் கண்டு, அவன் கடக்கும் வரை பொறுத்திருக்க அங்கே ஒரு மனிதர் இருந்தார்.

இயந்திரக் காவல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நிலைமை மாறியது. சாலைகளில் மோட்டார் வண்டிகள் பெருகின. இரவும் பகலும் வாயிலருகே இருக்கும் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று, செலவும் ஏறியது. 1956ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஹாலந்து, பெல்ஜியம், பிரான்சு ஆகிய நாடுகளுக்குச் சென்று, அங்கே இயங்கிய தானியங்கித் தடுப்புகளைப் பார்வையிட்டனர். அவற்றை ஏற்பதற்குச் சட்டமும் 1957இல் வழி திறந்தது. 1961 பிப்ரவரியில் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தின் ஸ்பாத் எனும் சிற்றூரில் பிரிட்டனின் முதல் தானியங்கி அரைத்தடுப்புக் கடவை இயங்கத் தொடங்கியது.

அதன் இயக்கம் நுட்பமானது. வரும் இரயிலின் சக்கரமே தொலைவிலிருந்து கடவைக்கு முன்னறிவிப்பைத் தந்துவிடும். உடனே சிவப்பு விளக்குகள் மாறி மாறி ஒளிரும், மணி ஒலிக்கும். எட்டு விநாடி சென்றதும் தடுப்புகள் இறங்கத் தொடங்கும். இறங்கி முடிய மேலும் எட்டு விநாடி. அதற்குப் பின் குறைந்தது எட்டு விநாடியில் மிக விரைவான இரயில் கடவையை வந்தடையும். ஆக மொத்தம் 24 விநாடி. தடுப்பு சாலையின் ஒரு பாதியை மட்டுமே மறைக்கும். உள்ளே அகப்பட்ட வண்டி மறுபாதி வழியே வெளியேறிவிடலாம்.

இவ்வளவு குறுகிய நேரம் ஏன்? அதற்கும் காரணம் இருந்தது. நெடுநேரம் காக்க வைத்தால் ஓட்டுநர் பொறுமையிழந்து, அரைத்தடுப்பைச் சுற்றி வளைந்து செல்வார் என அஞ்சினர். எனவே காத்திருக்கும் நேரத்தைச் சுருக்குவதே பாதுகாப்பு எனக் கொண்டனர். விரைந்து செல்லும் காருக்கு அக்கணக்கு பொருந்தியது. மெல்ல ஊர்ந்து செல்லும் பெரும் பாரவண்டிக்கு என்ன வழி? கடவையின் ஓரத்தில் ஒரு தொலைபேசி வைக்கப்பட்டது. பெரும்பாரம் ஏற்றி வருவோரும் கால்நடை ஓட்டி வருவோரும், கடக்குமுன் சைகைக் கூடத்துப் பணியாளரிடம் பேசி அனுமதி பெற வேண்டும் என்பது விதி. அந்த விதி ஓர் அறிவிப்புப் பலகையில் சிறிய எழுத்துகளில் காத்துக்கிடந்தது.

இரயில் கடவையை நெருங்கும்போது பாதையில் ஏதேனும் நிற்கிறதா எனப் பார்த்துச் சைகையை மாற்ற எவரும் இல்லை. வாயிற்காவலரின் கண்கள் அகற்றப்பட்டன. அவற்றின் இடத்தை நிரப்ப அப்பலகையும் அத்தொலைபேசியுமே எஞ்சின.

ஹிக்சன் கடவையில்

1968 ஜனவரி 6, சனிக்கிழமை. அதே ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் ஸ்டாஃபர்டு நகரத் தொழிற்சாலையிலிருந்து 120 டன் எடையுள்ள மின்மாற்றி ஒன்று, ஹிக்சன் எனும் ஊரிலிருந்த பழைய விமானத்தளத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. முன்னும் பின்னுமாக இரண்டு இழுவை வண்டிகள். நடுவே பாரம் தாங்கிய நீண்ட வண்டி. மொத்த நீளம் 148 அடி. முன்னே வழிகாட்டப் போலீஸ் கார் சென்றது.

ஹிக்சன் கடவையில் தானியங்கித் தடுப்பு அமைக்கப்பட்டு ஓராண்டுகூட நிறைவடையவில்லை. போலீஸ் கார் கடவையைத் தாண்டியது. பாரவண்டி பின்தொடர்ந்தது. பாதையின் மேலே உயர் மின்னழுத்தக் கம்பிகள் தொங்கின. பாரத்தின் உச்சி அவற்றைத் தொடாமல் செல்ல வேண்டுமே என்ற கவலையில் வண்டிக் குழுவினரின் கவனம் மேலே சென்றது; வேகம் மணிக்கு இரண்டு மைல் அளவுக்குத் தணிந்தது. தொலைபேசியை எவரும் எடுக்கவில்லை.

இங்கே கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கத் தக்கது. மணிக்கு இரண்டு மைல் என்பது விநாடிக்கு ஏறத்தாழ மூன்றடி. 148 அடி நீளமுள்ள வண்டி தன் நீளத்தைக் கடக்கவே ஐம்பது விநாடி ஆகும். கடவையின் அகலத்தையும் சேர்த்தால் ஒரு நிமிடத்தை எட்டும். கடவை தரும் அவகாசமோ 24 விநாடி. அந்த வண்டி கடவையினுள் நுழைந்தபின் எச்சரிக்கை ஒலித்தால், எத்துணைத் திறமை வாய்ந்த ஓட்டுநராலும் தப்ப இயலாது. இந்தக் கணக்கைப் போடப் பொறியியல் அறிவு வேண்டியதில்லை. பள்ளி மாணவனின் எண்ணறிவே போதும். ஆனால் போட வேண்டியவர்கள் உரிய காலத்தில் போடவில்லை.

மான்செஸ்டரிலிருந்து இலண்டன் நோக்கி வந்த விரைவு இரயில் மணிக்கு 75 மைல் வேகத்தில் அணுகியது. விளக்குகள் ஒளிர்ந்தன; மணி ஒலித்தது; தடுப்பு இறங்கியது. இரயில் ஓட்டுநர் தடையைக் கண்டபோது நிறுத்துவதற்கு இடமில்லை. மோதலில் எண்பது வயதை நெருங்கிய முதியவரோ, வேலைக்குச் செல்லும் இளைஞரோ என்று விதி வேறுபாடு பார்ப்பதில்லை. பயணிகள் எண்மரும் இரயில் ஊழியர் மூவருமாகப் பதினொருவர் மாண்டனர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

விசாரணை கண்ட உண்மை

இவ்விபத்தை ஆராய பிரையன் கிப்பன்ஸ் என்ற வழக்கறிஞரின் தலைமையில் பொது விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. இரயில் விபத்திற்காக இத்தகைய மன்றம் கூடியது, 1879இல் டே ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்த பேரிடருக்குப் பின் அதுவே முதன்முறை.

எளிதில் பழி சுமத்தத்தக்கவர் பாரவண்டி ஓட்டுநரே. தொலைபேசியில் பேசாதவர் அவரல்லவா? மன்றம் அதனோடு நிற்கவில்லை. அவருக்கு அந்த விதி தெரியுமா என்று கேட்டது. தெரியாது. உடன் சென்ற போலீசாருக்குத் தெரியுமா? அவர்களுக்கும் தெரியாது. விதி இருந்தது; அதை அறிய வேண்டியவர்களின் செவிக்கு அது சென்று சேரவில்லை.

மன்றம் மேலும் துருவியது. 1966 நவம்பரில் லெம்ஸ்டர் என்ற ஊரின் கடவையில் அதே போக்குவரத்து நிறுவனத்தின் பாரவண்டி ஒன்று, வந்த இரயிலிடமிருந்து மயிரிழையில் தப்பியிருந்தது. நிறுவனம் இரயில்வேக்குக் கடிதம் எழுதியது. வந்த மறுமொழியில் ஆபத்தை உணர்ந்த அக்கறை இல்லை. அதனை மன்றம் கடுமையாகக் கண்டித்தது. நிறுவனமும் தான் பெற்ற பாடத்தைத் தன் ஓட்டுநர்கள் அனைவருக்கும் உணர்த்தத் தவறியது. ஆபத்து ஒருமுறை கதவைத் தட்டிவிட்டுச் சென்றும், உள்ளே இருந்தோர் விழிக்கவில்லை.

முடிவில் மன்றம் பொறுப்பைப் பகிர்ந்தளித்தது. ஊர்ந்து செல்லும் பெருவண்டியை நினைத்துப் பாராமல் கடவையை வகுத்த இரயில்வே அதிகாரிகளும், அதற்கு ஒப்புதல் அளித்த அமைச்சகத்தின் இரயில் ஆய்வுத் துறையும், கற்ற பாடத்தைக் கடத்தாத நிறுவனமும், விதியைத் தன் காவலர்க்குத் தெரிவிக்காத போலீஸ் துறையும் தத்தம் அளவில் பழியேற்க நேர்ந்தது. சாலையில் நின்ற சிறியவர்களைவிட மேசையில் அமர்ந்த பெரியவர்களின் தவறே பெரிதெனத் தெளிவாயிற்று.

மாற்றங்கள் தொடர்ந்தன. பெரிய, மெதுவான வண்டிகளின் ஓட்டுநர்கள் கடக்குமுன் தொலைபேசியில் பேச வேண்டும் என்ற அறிவிப்பு, தொலைவிலேயே படிக்கத்தக்க பெரிய பலகைகளில் எழுதப்பட்டது. சிவப்பு விளக்கிற்கு முன் மஞ்சள் விளக்கு சேர்க்கப்பட்டது. எச்சரிக்கை நேரமும் உயர்ந்தது. புதிய தானியங்கிக் கடவைகளை அமைக்கும் பணி பல்லாண்டுகள் தளர்ந்தது. ஹிக்சன் கடவையும் பின்னாளில் மூடப்பட்டுச் சாலை பாலத்தின் மேல் ஏறியது.

நிலைத்த பாடம்

ஹிக்சன் கடவையில் இயந்திரம் பழுதுபடவில்லை. விளக்கு ஒளிர்ந்தது, மணி ஒலித்தது, தடுப்பு இறங்கியது. கருவி தன் கடமையைக் குறித்த விநாடியில் செய்தது. பழுதுபட்டது மனிதர்க்கிடையிலான தொடர்பே. ஒரு காவலரிடம் குவிந்திருந்த பொறுப்பு, அவர் நீங்கியதும் மறைந்துவிடவில்லை. அது வண்டியோட்டி, முதலாளி, போலீஸ்காரர், பொறியாளர், அதிகாரி எனப் பலரிடம் சிதறியது. சிதறிய பொறுப்பைத் தமக்குரியதென அவருள் ஒருவரும் அறியவில்லை.

விதியை எழுதியதோடு எழுதியவரின் கடமை முடிவதில்லை. அது உரியவரைச் சென்றடைந்ததா என உறுதி செய்யும்போதே முடிகிறது. பாடம் நடத்தியதோடு நில்லாமல், மாணவன் அதனை உணர்ந்தானா என்று கேட்டறியும் நல்லாசிரியர்க்கு இவ்வுண்மை புதிதன்று. கடவைகளைக் காப்போர்க்கு அதை உணர்த்தப் பதினொரு உயிர்கள் பலியாக வேண்டியிருந்தது என்பதே வரலாறு தரும் வேதனை.