உயர்ந்த சொத்துவரியும் வீட்டின் விலையும்: அமெரிக்க அனுபவம்

அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் மிக அதிகமாகச் சொத்துவரி கட்டும் மாநிலம் நியூ ஜெர்சி. 2024இல் அங்கு ஒரு வீட்டுக்கான சராசரி வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. சந்தை மதிப்பில் இது ஏறத்தாழ 2 விழுக்காடு. ஹவாயில் இந்த அளவு அரை விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. நியூ ஜெர்சியில் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என நான்கு தவணைகளில் வசூலாகும் வரியில் ஏறக்குறைய பாதி பள்ளிகளுக்குப் போகிறது. மீதியை நகராட்சியும் மாவட்டம் போன்ற கவுன்டியும் பகிர்ந்துகொள்கின்றன. வீட்டுக் கடன் உள்ளவர்களிடம் பெரும்பாலும் கடன் கொடுத்த நிறுவனமே மாதத் தவணையோடு வரியையும் வாங்கித் தனிக் கணக்கில் வைத்திருந்து கட்டிவிடுகிறது. கடன் அடைந்த பிறகுதான் வரியின் முழுப் பாரமும் கண்ணில் படுகிறது.

இவ்வளவு வரி வீட்டுக்காரருக்குக் கட்டுபடியாகிறதா என்பதற்கு விகிதத்தை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. வரி உயர்ந்த நாளில் வீடு யார் கையில் இருந்தது, அந்த விகிதத்துக்குப் பின்னால் ஊரில் எவ்வளவு சொத்து இருக்கிறது என்ற இரண்டும்தான் லாப நட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

இந்த விவாதத்தின் தொடக்கம் பொருளியலாளர் சார்லஸ் டீபோ 1956இல் வெளியிட்ட கட்டுரை. குடும்பங்கள் தங்களுக்கு வேண்டிய பள்ளி, சாலை, பூங்கா எங்கே கிடைக்கிறதோ அந்த ஊரைத் தேர்ந்து குடியேறுகின்றன. எனவே உள்ளூர் வரி ஒருவகையில் அந்தச் சேவைகளுக்கான விலை என்றார் அவர். 1969இல் வாலஸ் ஓட்ஸ் இதை வட நியூ ஜெர்சியின் 53 ஊர்களில் சோதித்துப் பார்த்தார். வரிவிகிதம் கூடிய ஊர்களில் வீட்டு விலை குறைந்திருந்தது. பள்ளிச் செலவு கூடிய ஊர்களில் விலை ஏறியிருந்தது. உயர்த்திய வரி முழுவதும் பள்ளிக்குப் போனால் இரண்டு விளைவுகளும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டின.

இதன் கணக்கு எளியது. எல்லா வகையிலும் ஒத்த இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு ஆண்டு வரி 6,000 டாலர், மற்றதற்கு 10,000 டாலர் என்று கொள்ளலாம். கூடுதல் 4,000 டாலருக்கு ஈடாக எந்தச் சேவையும் இல்லையென்றால், 5 விழுக்காடு வட்டிக் கணக்கில் இரண்டாவது வீட்டின் விலை 80,000 டாலர்வரை குறைய வேண்டும். வாங்குபவர் முதல் வீட்டுக்கு அந்த 80,000 டாலரைக் கடனாக எடுத்து வட்டி கட்டுவார். இரண்டாவதற்கு அந்த வட்டிக்குச் சமமான பணத்தை ஊருக்கு வரியாகக் கட்டுவார். ஆகவே, உயர்ந்த வரி உள்ள ஊரில் இன்று வீடு வாங்குபவர் ஏமாந்துவிட்டதாகச் சொல்ல இடமில்லை. அடிபட்டவர், வரி உயர்ந்தபோது வீட்டை வைத்திருந்து பிறகு விற்றுப் போனவர்.

இந்தச் சமன்பாட்டில் ஓட்டைகளும் உண்டு. வீட்டுக் கடன் 30 ஆண்டில் தீரும். வரி தீராது, உயரவும் செய்யும். நியூ ஜெர்சி 2010இல் உள்ளூர் வரி வசூலின் ஆண்டு வளர்ச்சிக்கு, சில விலக்குகளோடு, 2 விழுக்காடு உச்சவரம்பு வைத்தது இந்த அச்சத்தால்தான். கூட்டரசின் வருமான வரிச் சலுகையும் கணக்கை மாற்றுகிறது. மாநில, உள்ளூர் வரிகளுக்கான கழிவுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் 10,000 டாலர் வரம்பு விதித்தபோது, அதிக வரி கட்டும் ஊர்களின் வீட்டுக்காரர்கள் வீட்டை வாங்கும்போது எதிர்பாராத ஒரு சுமையை ஏற்க வேண்டியதாயிற்று. 2025இல் அந்த வரம்பு 40,000 டாலராக உயர்த்தப்பட்டது.

வரியின் பயன் விலையில் தெரியும் இடம் பள்ளி. பாஸ்டனின் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டுச் சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் வீட்டு விலை சுமார் 2.5 விழுக்காடு கூடுவது தெரிந்தது. தெரு ஒன்றே, அக்கம்பக்கமும் ஒன்றே. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பது மட்டுமே வேறு. பிள்ளை இல்லாதவர்களும் பள்ளி வரிக்கு ஆதரவாக வாக்களிப்பதை இந்த விலையேற்றத்தைக் கொண்டுதான் பொருளியலாளர் வில்லியம் ஃபிஷெல் 2001இல் விளக்கினார்: நாளை வீட்டை வாங்க வருபவருக்குப் பிள்ளை இருக்கும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் ஊதியம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருவதால் சொத்துவரிக்கும் பள்ளிக்கும் இவ்வளவு நெருக்கம் இல்லை. அமெரிக்க வாதத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்வது பொருந்தாது.

ஆனால் உயர்ந்த விகிதம் எங்கும் நல்ல பள்ளியைத் தந்துவிடுவதில்லை. டெக்சஸின் சான் அன்டோனியோ நகரப் பகுதியிலிருந்து 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்ற வழக்கில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஏழைகள் வாழ்ந்த எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம் 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி விதித்தும் ஒரு மாணவருக்கு 26 டாலரே திரட்ட முடிந்தது. வசதி படைத்த அலமோ ஹைட்ஸ் 85 சென்ட் விதித்து மாணவருக்கு 333 டாலர் திரட்டியது. எட்ஜ்வுட் மக்களிடம் மனம் இருந்தது, வரி விதிக்கத் தக்க சொத்து இல்லை. நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் இந்த ஏற்பாட்டை அனுமதித்தது. ஊரைத் தேர்ந்து குடியேறும் சுதந்திரம் பற்றிய டீபோவின் கொள்கை இங்கே செல்லுபடியாகவில்லை. அலமோ ஹைட்ஸில் வீடு வாங்கும் வசதி எட்ஜ்வுட்காரருக்கு இருந்திருந்தால் அவர் எட்ஜ்வுட்டில் இருந்திருக்கவே மாட்டார்.

குறைந்த வரிதான் வழி என்றால் கலிபோர்னியாவைப் பார்க்கலாம். 1978 ஜூனில் அங்கு வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் அடக்கியது; வீடு கைமாறாதவரை மதிப்பீடு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்றது. உள்ளூர் அமைப்புகளின் சொத்துவரி வருவாய் பாதிக்கும் கீழே சரிந்தது. பள்ளிச் செலவின் பெரும்பங்கு மாநில அரசின் கைக்குப் போனது. முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2003இல் தம் சொந்தக் கணக்கையே எடுத்துக்காட்டினார்: நெப்ராஸ்காவின் ஓமாஹாவில் சுமார் 5 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு 14,000 டாலருக்கு மேல் வரி, கலிபோர்னியாவில் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு 2,300 டாலருக்கும் குறைவு. பழைய உடைமையாளர்களுக்கு இது பெரும் வரம். புதிதாக வாங்குபவரோ ஏறிய விலையையும் கொடுத்து, அந்த விலைக்கேற்ற வரியையும் கட்டுகிறார். வீட்டை மாற்றினால் சலுகை போய்விடும் என்பதால் பிள்ளைகள் வளர்ந்து போன பின்னும் பெரிய வீட்டிலேயே முடங்கிக்கிடப்பவர்கள் பெருகினர். குறைந்த வரியும் விலைக்குள் புகுந்துவிடுகிறது. அதன் பலன் அன்று வீட்டை வைத்திருந்தவருக்கே.

மதிப்பீடு பிழையானால் மேற்சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுன்டியில் மலிவான வீடுகள் சந்தை விலைக்கு மேலாகவும், விலை உயர்ந்தவை அதற்குக் கீழாகவும் மதிப்பிடப்பட்டு வந்ததை 'சிகாகோ டிரிப்யூன்' 2017இல் அம்பலப்படுத்தியது. முறையீடு செய்து குறைத்துக்கொள்ளும் வசதியை வக்கீல் வைக்க முடிந்தவர்களே அதிகம் பயன்படுத்தினர். மிஷிகன் அரசியலமைப்போ சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் வரிமதிப்பு வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் 2008 வீட்டுச் சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு அந்த மாநிலத்தின் டெட்ராய்ட்டில் விலைகள் அதலபாதாளத்துக்குப் போயும் மதிப்பீடுகள் பல ஆண்டுகள் இறங்கவில்லை. தெருவிளக்குகூட ஒழுங்காக எரியாத நகரத்தில் நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று வசூலானது. இதைச் சேவையின் விலை என்று எந்தக் கோட்பாட்டாலும் நியாயப்படுத்த முடியாது.

நல்ல ஊரில், சரியான மதிப்பீட்டில்கூட, வருமானம் நின்ற முதியவருக்கு வரி தனிப் பிரச்சினை. வீட்டின் மதிப்பு காகிதத்தில் ஏறுகிறது; வரியை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். மின்னசோட்டாவில் ஒரு மூதாட்டியின் சுமார் 2,300 டாலர் வரிபாக்கி, வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000 டாலரானது. கவுன்டி அவருடைய அடுக்ககத்தை எடுத்து 40,000 டாலருக்கு விற்று மீதியையும் தானே வைத்துக்கொண்டது. கடனுக்கு மேற்பட்ட தொகை உரிமையாளருடையதே என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

இத்தகையோருக்காக 1964இல் விஸ்கான்சின் தொடங்கிய முறையில், வருமானத்தோடு ஒப்பிட வரி மிகையானால் ஒரு பகுதியை மாநிலம் திருப்பித் தருகிறது. அதன் செலவு மற்ற வரிகட்டுவோர் தலையில் விழுகிறது. ஆரிகன் போன்ற மாநிலங்களில் முதியவர்கள் வரியை ஒத்திவைக்கலாம்; பாக்கி வட்டியோடு வீட்டின்மேல் கடனாக ஏறி, வீடு விற்கும்போதோ வாரிசுக்குப் போகும்போதோ வசூலாகும். கையில் ரொக்கமில்லாமல் வீடு மட்டும் உள்ளவருக்குக் கணக்குப்படி இதுவே பொருத்தமான ஏற்பாடு. ஆயினும் இதில் சேர்பவர்கள் குறைவு. பிள்ளைகளுக்கு வில்லங்கமில்லாத வீட்டை விட்டுப்போக நினைப்பவர் பலருக்கு, மாதச் செலவைச் சுருக்கி வரியைக் கட்டிவிடுவதே மேலாகப் படுகிறது.