இலைதானே என்று எண்ணலாமா?

சென்ற ஆண்டு நம் பள்ளித் தோட்டத்து வெண்டைச் செடிகளில் செடிப்பேன் மொய்த்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வேப்பிலையை இடித்து, இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டித் தெளித்தார்கள். அப்போது ஒரு மாணவன், "இது வெறும் இலைச் சாறுதானே சார், குடிச்சாக்கூட ஒன்னும் ஆகாதுதானே?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்ட வேண்டியிருந்தது.

நம் நாட்டுக் காடுகளில் தூபா என்றொரு கொடி உண்டு. அதன் வேரை நசுக்கி ஆற்றில் கலந்தால் மீன்கள் மயங்கி மிதக்கும். 'பாலுக்குப் பதில் தூபா நீர்' என்பது நன்றி கெட்டவனைக் குறிக்கும் மலாய்ப் பழமொழி. சிங்கப்பூரில் வாழ்ந்த மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லி, ஜாதிக்காய் மரங்களைத் தாக்கும் பூச்சிகளுக்குத் தூபாவைப் பயன்படுத்தலாமென 1848இல் எழுதினார். சீனக் காய்கறித் தோட்டக்காரர்களும் அதன் சாற்றைத்தான் தெளித்து வந்தார்கள். 1902இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் அவ்வேரின் நஞ்சைப் பிரித்தெடுத்து ரொட்டினோன் என்று பெயரிட்டார். 1930களில் மலாயாவிலிருந்து தூபா வேர் கப்பலேறி மேல்நாடுகளுக்குப் போயிற்று. ஜப்பானியர் ஆட்சி வந்ததும் அந்த வரத்து நின்றது.

அந்த இடத்தைப் பிடித்தது டி.டி.டி. அதன் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த சுவிட்சர்லாந்து நாட்டவர் பால் முல்லர், 1948இல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் 1967இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. மலேரியாக் காய்ச்சலுக்குப் பலியான நம் தோட்டத்து முன்னோர்கள் எத்தனையோ பேர். ஆகவே டி.டி.டி.யை ஒரேயடியாகப் பழிப்பது நன்றியாகாது. ஆனால் அது மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் நெடுங்காலம் தங்கியது. சில பறவைகளின் முட்டையோடும் மெலிந்தது. 1972இல் அமெரிக்கா அதற்குத் தடை போட்டது.

மறுபடியும் இலைகளின் பக்கம் பார்வை திரும்பியது. 1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படை பச்சையெல்லாம் தின்று தீர்த்தபோது, வேப்பமரம் மட்டும் தப்பி நின்றதை ஜெர்மானிய அறிஞர் ஷ்முட்டரர் கவனித்தார். 1968இல் இங்கிலாந்தில் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இது பூச்சியை உடனே கொல்வதில்லை. அதன் பசியைக் கெடுக்கிறது. சட்டை உரித்து வளரவும் விடுவதில்லை. இலையைவிடக் கொட்டையில் இது அதிகம். லயத்து வாசலில் கொசுவுக்காக வேப்பிலைப் புகை போட்ட நம் பாட்டிமார் இந்தப் பெயரை அறியார்கள். ஆனால் மரத்தை அறிந்திருந்தார்கள்.

அப்படியானால் குடிக்கலாமா? கூடவே கூடாது! கைவைத்தியமாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட பச்சிளங்குழந்தைகள் வாந்தியெடுத்து, மூளை பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்ததை 1981இல் நம் நாட்டு மருத்துவர்களே 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ரொட்டினோன் செலுத்திய எலிகளுக்கு நடுக்குவாத நோயின் அறிகுறிகள் தோன்றியதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரண்டும் செடி தந்தவைதான்.

என் தாயார் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். கையுறை இல்லாமலே மருந்து கலக்குவார். கேட்டால், "பழகிப் போச்சுடா" என்பார். டின்னில் வந்தாலும் மரத்தில் விளைந்தாலும் நஞ்சுக்குப் பழக்கம் தெரியாது என்பதை நான் பின்னால்தான் படித்தேன்.

மாணவச் செல்வங்களே! இலைச் சாறு தெளியுங்கள், நல்லது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தெளியுங்கள். மீன் குளத்துப் பக்கம் கொண்டு போகாதீர்கள். காய்களை நன்றாகக் கழுவிச் சமையுங்கள். தெளித்து முடித்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கேள்வி கேட்ட அந்த மாணவனைப் போல, எதையும் கேட்டுத் தெரிந்த பிறகே வாயில் வையுங்கள்.