கசிந்த ரகசியமும் கசியாத ரகசியமும்

மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் குற்றம் செய்தால், உளவு அதிகாரி அதை வெளியே சொல்லலாமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் வாட்டர்கேட்டைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் பிடிபட்டார்கள். தடயங்கள் அதிபர் நிக்சனின் ஆட்கள் வரை போவதை, எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் ஃபெல்ட் ஒரு பத்திரிகையாளருக்கு ரகசியமாக உறுதிப்படுத்தி வந்தார். 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார். ஃபெல்ட் தன் பெயரை வெளியிட்டது 2005இல்தான்.

இதில் பாதிக் கதைதான் இருக்கிறது. தலைமறைவாக இருந்த இடதுசாரிகளின் உறவினர் வீடுகளில், நீதிமன்ற ஆணை இல்லாமல் ரகசியமாக நுழைந்து சோதனையிட அனுமதி கொடுத்தவரும் இதே ஃபெல்ட்தான். 1980இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மறு ஆண்டே அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கினார்.

அவர் வேலை பார்த்த நிறுவனம் கறுப்பின மக்களுக்குச் செய்தது என்ன? மார்ட்டின் லூதர் கிங்கின் அறைகளில் ஒட்டுக்கேட்டது. அவருடைய அந்தரங்கத்தைப் பத்திரிகையாளர்களிடம் நீட்டியது. ஆம், அதுவும் கசிவுதான்! கருஞ்சிறுத்தைகள் கட்சியின் 21 வயதுத் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன் 1969 டிசம்பர் 4 அன்று சிகாகோவில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்தது அதன் உளவாளி.

இந்த ரகசியத் திட்டத்தின் பூட்டை உடைத்தவர்கள் அதிகாரிகள் அல்ல. 1971 மார்ச் 8 இரவு, பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிறு ஊரில், ஒரு பேராசிரியர், ஒரு டாக்சி ஓட்டுநர் உட்பட எட்டுக் குடிமக்கள் எஃப்.பி.ஐ. அலுவலகத்திலிருந்து கோப்புகளை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். கல்லூரிகளில் கறுப்பின மாணவர் அமைப்புகளைக் கண்காணிக்கும் உத்தரவும் அவற்றில் இருந்தது. மாணவத் தோழர்களே, இதைக் கவனியுங்கள்.

எங்கள் நிலைப்பாடு இதுதான். ஆட்சியாளரின் குற்றம் மூடி மறைக்கப்படும்போது அதிகாரி பேசத்தான் வேண்டும். பேசுபவருக்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டும். ஆனால் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதை அவர் மட்டுமே முடிவு செய்தால், நிக்சனின் கோப்பு திறக்கும், ஹாம்ப்டனின் கோப்பு மூடியே கிடக்கும்.

கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து 1972இல் மும்பையில் தலித் பாந்தர் பிறந்தது. அவர்களின் போர்க்குணத்தை நாம் படித்தோம். அவர்கள் மீது விழுந்த உளவுக் கண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம் நாட்டில் ஐ.பி., ரா போன்ற அமைப்புகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் குறித்த தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நல்ல அதிகாரி ஒருவர் வருவார் என்று காத்திருக்காமல், அந்தச் சின்ன வாசலைத் தட்டுவோம்.