பேரும் பெயரும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு வேறிடங்களில் வழங்காத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த இறாத்தல் கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர். இந்த மாதம் எத்தனை பேர் என்று ஒருத்தி மற்றவளிடம் கேட்டால் எத்தனை நாட் சம்பளம் என்பது அதன் அர்த்தம். செக்ரோலில் ஒருவருடைய பெயருக்கு நேரே கணக்கப்பிள்ளை இடும் அடையாளமே நாளடைவில் பேர் ஆகிவிட்டது போலும். தாயும் தகப்பனும் இட்ட பெயரும், தோட்டம் இட்ட பேரும் ஒரே சொல்லில் வந்து நின்றதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதன் தன்னை இன்னார் என்று அறிவது எவ்வாறு, அந்த அறிவை அவனுக்கு யார் கொடுக்கிறார்கள், கொடுத்ததை அவன் மறுக்க முடியுமா என்னும் சமூகவியற் கேள்விகள் எல்லாம் இந்தச் சிறு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

பிறக்கும்போது எவரும் 'நான்' என்ற உணர்வோடு பிறப்பதில்லை என்பது சமூகவியலாளர் பலருக்கும் உடன்பாடான கருத்து. பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் எண்ணுகிறோமோ, அந்த எண்ணத்திலிருந்தே நம்மைப் பற்றிய நம் உணர்வு உருவாகிறது என்றார் அமெரிக்க அறிஞர் ஒருவர். பிறர் முகமே நமக்குக் கண்ணாடி என்ற இக்கருத்தை அவர் 1902ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருடைய பெயர் சார்ள்ஸ் கூலி. மலையக நேயர்கள் இந்தப் பெயரைக் கேட்டு ஒரு கணம் சிரித்துக்கொள்ளலாம், தவறில்லை. அவருக்குப் பின் ஜோர்ஜ் ஹேர்பேட் மீட் இதை மேலும் விரித்தார். மனிதனுள் இரு கூறுகள் உண்டு; ஒன்று சமூகம் அவனிடம் எதிர்பார்ப்பவற்றையெல்லாம் உள்வாங்கிக்கொண்ட கூறு, மற்றையது அவ்வெதிர்பார்ப்புக்கு அவன் அந்தக் கணத்தில் கொடுக்கும் பதில் என்றார். அந்தப் பதில் எப்படி அமையும் என்று முன்கூட்டியே எவராலும் சொல்ல இயலாது, சொல்பவனாலும் இயலாது என்பது மீட் சொன்னவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் 1931இல் காலமானார். அவருடைய விரிவுரைக் குறிப்புகளை மாணவர்கள் தொகுத்து 1934இல் நூலாக்கினர்.

இந்தக் கண்ணாடியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். லயத்து மதிற்சுவருக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே அளவான காம்பராக்கள். அம்மா கொழுந்துக்குப் போனதும் குழந்தை பிள்ளைக்காம்பராவில் வளரும். சற்று வளர்ந்ததும் ஓரறைப் பள்ளிக்கூடம், அதுவும் ஒற்றை ஆசிரியருடன். பின்னர் ஒரு நாள் அவன் பேர் பதியப்படும். அன்று முதல் விடியற்காலையில் தப்பு முழங்கியதும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். துரையைக் கண்டால் பாதையின் ஓரம் ஒதுங்க வேண்டும், குடை விரித்திருந்தால் மடக்க வேண்டும். இவற்றை எந்தப் பாடப்புத்தகமும் கற்பிக்கவில்லை. தகப்பன் ஒதுங்குவதைப் பார்த்துப் பிள்ளை ஒதுங்கிற்று.

உறக்கம், உழைப்பு, பொழுதுபோக்கு ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ், ஒரே அதிகாரத்தின் கீழ் நடைபெறும் இடங்களை ஏர்விங் கோஃப்மன் 1961இல் எழுதிய நூலொன்றில் முழுமைசார் நிறுவனங்கள் என்று வகுத்தார். மனநோயாளர் விடுதி, சிறை, படைமுகாம் முதலியன அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்கள். தேயிலைத் தோட்டம் இந்த வரையறைக்கு மிக அருகில் வருகிறது. ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சிறைக்குச் செல்பவன் வெளியே ஒரு வாழ்வை விட்டுவிட்டுச் செல்கிறான். உள்ளே அவனுடைய பழைய அடையாளம் உரிக்கப்படுகிறது. தோட்டத்திலோ மூன்றாந் தலைமுறைப் பிள்ளைக்கு உரிப்பதற்கு வெளிவாழ்வு என்று எதுவும் இருக்கவில்லை. அதே வேளையில், சிறைக்கைதிக்குக் கிட்டாத ஒன்று அதற்குக் கிட்டியது. அடுத்த காம்பராவில் பாட்டி இருந்தாள். அவளிடம் கதை இருந்தது.

வந்த வழியையும் சற்று நினைவுகூர வேண்டும். 1820களில் கோப்பிப் பயிருடன் தொடங்கிய வருகை, 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து, ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்தபின் நிலையான குடியிருப்பாயிற்று. அழைத்து வந்தவர் கங்காணி. வழிச்செலவு முழுவதும் வந்தவனின் தலையில் கடனாக ஏறியது. அந்தக் கடன் தொகை எழுதப்பட்ட 'துண்டு' ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மனிதர்களைக் கைமாற்றியது. 1921இல் சட்டத்தினால் அது ஒழிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களுக்கோ போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரவில்லை ஒன்றும் கொடுக்கப்பட்டது. வேலையிலிருந்து நீக்கும்போது கொடுக்கப்படும் தாள் பற்றுச்சீட்டு. வரும்போது தகரம், இருக்கும்போது செக்ரோல், போகும்போது சீட்டு.

ஆனால் துரைத்தனத்தின் பதிவேடு மட்டுமே அம்மக்களை உருவாக்கியது என்று சொன்னால் பாதிக்கதை விடுபட்டுப் போகும். லயத்துக்குள்ளேயும் ஒரு பதிவேடு இருந்தது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தபடியால் சாதியும் கூடவே கப்பலேறியது. எவரை எப்படி அழைப்பது, எவர் வீட்டில் கை நனைப்பது என்பவற்றைப் பிள்ளைகள் அங்கேயே கற்றன. ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்தத் தொடர்ச்சியை விரிவாகக் காட்டியுள்ளார். பெண்ணின் நிலை இதனிலும் கீழ். விடிவதற்கு முன் எழுந்து, மலையில் நின்று, மாலையில் கூடையிறக்கி, இரவில் அடுப்பெரித்த அவளுடைய சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்குவது பல தோட்டங்களில் வழமையாக இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. தன் உழைப்பின் பேர் தன் கைக்கு வராத ஒருத்தி, தன்னைப் பற்றி என்ன எண்ணியிருப்பாள்?

விடை பாடல்களில் இருக்கிறது. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்து மலைப் பாட்டுகளிலும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் ஏச்சும் கேலியும் வாங்கியிருக்கிறார்கள். நேரில் நிமிர்ந்து பார்க்க முடியாதவரைப் பாட்டில் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இவற்றைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டி 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கியிராவிட்டால், அம்மக்கள் மௌனமாகவே இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருப்பார்கள்.

மாசி மாதத்துக் காமன் கூத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். காமன் பொட்டலில் மரம் நட்டுக் காப்புக் கட்டியபின், வேடம் ஏற்பவர் விரதம் இருப்பார். நேற்றுவரை கவ்வாத்துக் கத்தியோடு நின்றவர் இன்று மன்மதன். அவரை ஊர் வணங்குகிறது. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிய, ரதியின் அழுகையில் லயமே அழுகிறது. காலையில் பெரட்டுக்கு எழுப்பிய அதே தப்புத்தான் இரவில் இதற்கும் முழங்குகிறது. கூத்து முடிந்ததும் மன்மதன் மறுபடி செக்ரோலுக்குத் திரும்புகிறார், உண்மைதான். ஆயினும் தான் இன்னொருவனாக இருக்கக்கூடும் என்பதை அவர் தன் உடம்பாலேயே அறிந்துகொண்டுவிட்டார். அந்த அறிவைப் பெரிதுபடுத்தவும் வேண்டாம், கழித்துவிடவும் வேண்டாம்.

பாட்டையும் கூத்தையும் தாண்டி மேடைக்கு வந்த குரல்களில் முதன்மையானது கோ. நடேசய்யருடையது. தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த இவர், வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடமிட்டுச் சென்று நிலைமையை அறிந்தார் என்பர். பத்திரிகை நடத்தினார், 1925இல் சட்டநிரூபண சபையில் அமர்ந்தார், 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் மத்தியில் தம் பாடல்களைத் தாமே பாடிப் பரப்பினார். 1940இல் அவருடைய பாடல்கள் சிறு நூலாகவும் வந்தன. அதே 1940ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். கூலி என்று மட்டுமே குறிக்கப்பட்டுவந்த கூட்டத்திலிருந்து ஒருவருடைய பெயர் நாட்டின் அரசியல் நினைவில் பதிந்தது அவர் இறந்தபோதுதான்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் வென்றவர் நாம் மேலே சொன்ன வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வாக்குரிமையும் போயிற்று. 1952இல் அந்த 7 இல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பிரஜாவுரிமை கோருபவர் மணமானவராயின் 7 ஆண்டுகளும், மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. தாளுக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் இப்போது தாளைத் தேடி அலைந்தார்கள். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே ஏற்கப்பட்டனர்.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மிகுதி பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றனர். அம்மக்களின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசவில்லை. ஆனால் விண்ணப்பப் படிவம் கைக்கு வந்தபோது, கணக்குப் பிழைத்தது. இந்தியாவுக்கென ஒதுக்கிய தொகை நிரம்பவில்லை. இலங்கைக்கென ஒதுக்கியதைவிட மிகக் கூடுதலானோர் இலங்கையையே கேட்டனர். தனிமனிதரின் சுயேச்சை என்று சமூகவியலில் பேசப்படுவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை. தெரிவுக்கான இரண்டு கட்டங்களையும் வேறு யாரோ கீறினார்கள். எதில் புள்ளடி இடுவது என்பதை லயத்துக் காம்பராவில் குப்பிலாம்பு வெளிச்சத்தில் குடும்பங்கள் தீர்மானித்தன. அண்ணன் மண்டபத்துக்குக் கப்பலேற, தம்பி கொட்டகலையில் நின்றான். ஒரே தாலாட்டில் வளர்ந்த இருவர் ஒரே கேள்விக்கு இரு பதில் சொன்னார்கள்.

இந்தக் காலத்திலேதான் 'மலையகம்' என்ற பெயர் வேர்கொண்டது. 1960களில் ஹற்றன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களிடம் பயின்ற இளைஞர்கள், தம்மை இந்தியத் தமிழர் என்றோ தோட்டக்காட்டான் என்றோ பிறர் அழைப்பதை ஏற்க மறுத்தனர். பிறந்த மண்ணின் பெயரால் தம்மை அழைத்தனர். வீரகேசரியில் எஸ். எம். கார்மேகம் நடத்திய பக்கத்தின் பெயர் தோட்ட மஞ்சரி; அதனோடு ஒட்டி நடந்த சிறுகதைப் போட்டிகளின் விளைவாக 1971இல் 'கதைக்கனிகள்' தொகுதி வெளிவந்தது. என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப், சாரல்நாடன் என்று நீளும் வரிசை நேயர்கள் அறிந்ததே. தெளிவத்தையின் தொகுதியொன்றுக்கு 'நாமிருக்கும் நாடே' என்று தலைப்பு (1979). பாரதியிடமிருந்து எடுத்த அந்தச் சொற்களை நாடற்றவன் ஒருவன் சொல்லும்போது பொருள் எங்கே போய் நிற்கிறது!

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெயரைச் சூட்டியவர்களிற் பலர் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், கங்காணிமாரின் பிள்ளைகள். வேலுப்பிள்ளையே பெரிய கங்காணி குடும்பத்தவர். மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து, அம்மக்களின் துயரை முதலில் ஆங்கிலத்தில் பாடியவர். கொழுந்து மலையில் நிற்பவளுக்கு மலையகத்தவள் என்ற பெயர் மேலிருந்து இறங்கி வந்த இன்னுமொரு பேராகத் தோன்றியதா என்ற கேள்வி நியாயமானது. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டக் காணியைப் பறிக்க வந்தபோது எதிர்த்து நின்று சுடப்பட்டு இறந்த சிவனு லட்சுமணன், அடையாளம் பற்றிய கட்டுரைகளைப் படித்துவிட்டு வரவில்லை. காலடி நிலம் அவருக்குத் தெரிந்திருந்தது. எழுதியவர்கள் தந்த பெயரும், நின்றவர்கள் காத்த நிலமும் சேர்ந்த இடத்திலேதான் 'மலையகத் தமிழர்' என்பது உயிருள்ள சொல்லாயிற்று என்பது என் கணிப்பு.

குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்ற தனி வகுப்பு 1911இல் புகுந்தது. அப்போது ஏறத்தாழ 5 இலட்சத்து 30 ஆயிரம் பேர் அதனுள் எண்ணப்பட்டனர். எஞ்சிய நாடற்றவர்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. 2012இல் மொத்தச் சனத்தொகையில் 4.1 வீதம் என எண்ணப்பட்ட இவ்வகுப்பு, 2024 மதிப்பீட்டில் 2.8 வீதமாகக் குறைந்தது. புலம்பெயர்வும் பிறப்பு வீதமும் ஒருபுறமிருக்க, பலர் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொள்வதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் கூறுவர். சிலருக்கு அது பிள்ளையின் எதிர்காலம், சிலருக்கு 1948இன் அச்சம், சிலருக்கு வெறும் உண்மை; இங்கேதானே பிறந்தோம் என்பார்கள். 2024ஆம் ஆண்டின் அட்டவணையில் இந்தியத் தமிழர், மலையகத் தமிழர் என இரு பெயர்களும் ஒரே வரியில் அச்சிடப்பட்டிருக்கின்றன. இடையில் ஒரு சாய்கோடு.