ஹெர்மிஸ் கப்பலும் மேலே ஏறி வரும் வித்தையும்

செஞ்சியில இருந்துகிட்டு கடலைப் பத்தி எழுதணுமான்னு கேக்காதீங்க. ராஜகிரி ஏறினவங்களுக்கு இது சட்டுனு புரியும். மலையில ஏறும்போதுதான் மூச்சு வாங்கும், இறங்கும்போது அவ்வளவா வாங்காது. ஆழ்கடல் முக்குளிப்பு நேர் எதிர். இறங்குவது சுலபம், மேலே ஏறி வருவதில்தான் ஆபத்து அதிகம்.

இலங்கையில் மட்டக்களப்புக்கு அப்பால், சுமார் 53 மீட்டர் ஆழத்தில் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு கட்ட ஆரம்பித்த உலகின் முதல் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை! 300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு எல்லை 40 மீட்டர். இன்னும் 13 மீட்டர்தானே என்று தோணும். அங்கேதான் விஷயமே இருக்கு. ஹெர்மிஸ் கிடக்கும் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல ஆறு மடங்குக்கும் மேல். சிலிண்டர் காற்றும் அதே கணக்கில் சீக்கிரம் தீரும். நைட்ரஜன் போதை ஏத்தும். கருவியில் தெரியும் எண்ணைப் பார்த்தும் மூளைக்கு உறைக்காது. அதனால்தான் ஹீலியம் கலந்த வாயுவோடு போகிறார்கள்.

உடம்பில் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகும். மூட்டுவலி, பக்கவாதம், மரணம் வரை போகும். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, நின்று நின்று மேலே வரும் அட்டவணையை ஜான் ஹால்டேன் குழுவினர் 1908-ல் வெளியிட்டார்கள். இன்றைய கணிப்பொறிக் கணக்குகளுக்கெல்லாம் அதுதான் தாத்தா.

கப்பலுக்குள் நுழைவது இன்னொரு பாடம். துடுப்பு பட்டால் சேறு கிளம்பி வாசல் மறைஞ்சிடும். வழிக்கயிறு வேணும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு ஆபத்துக்கு. இது குகை முக்குளிப்பில் பிறந்த விதி. அங்கே செத்தவர்களின் கதைகளை ஒவ்வொன்றாக அலசி, 1979-ல் ஷெக் எக்ஸ்லி ஒரு கையேடே எழுதினார். அத்தனை அனுபவம் இருந்தும், 1994-ல் மெக்சிகோவின் சக்கடோன் நீர்க்குழியில் அவரும் இறந்துபோனார். அனுபவம் காப்பாத்தும்; ஆனா ஆழத்தோட பேரம் பேச முடியாது.

நம்ம மன்னார் வளைகுடாவில் அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர்களுக்கு இது புதுசில்லை. கல்லின் துணையோடு ஒரே மூச்சில் இறங்கினார்கள். ஆனால் தோணியில் கயிறு பிடிக்க நம்பகமான ஆள் இல்லாமல் குதித்ததில்லை. சிலிண்டர் வந்த பிறகும் பாடம் அதேதான்: இறங்குவதற்கு முன்னாடியே ஏறி வரும் வழியைத் தயார் பண்ணணும்.

உங்க ஊர்ல முத்து, சங்கு குளிச்ச பெரியவங்க இருந்தா கேட்டு எழுதுங்க. படிக்கக் காத்திருக்கேன்.