சோற்றின் அளவும் கறியின் அளவும்
காங்கேசன்துறைப் பகுதியின் உணவு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

திருவள்ளுவர் 'மருந்து' என வகுத்த அதிகாரத்தில் மூலிகைகளின் பெயர்களைக் காணோம். உண்ணும் அளவும், முன்னுண்டது செரித்தபின் உண்ணும் முறையுமே அங்குப் பெரிதும் பேசப்படுகின்றன. ஆகவே, உணவே முதல் மருந்து என்னும் கருத்து எம்மவர்க்குப் புதியதன்று. ஆயினும், மாப்பொருளைக் குறைத்துப் பதப்படுத்தாத புதிய உணவுகளை உண்க என மருத்துவர் கூறுமிடத்து, அதனை மேனாட்டார் கண்ட புதுமையென்றே பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதைக் காங்கேசன்துறையையும் அதன் அயலூர்களையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாப்பொருள் என்பது விஞ்ஞான நூல்களிற் காபோவைதரேற்று எனப்படுவது. சோறு, பாண், கிழங்கு, சீனி ஆகியவற்றில் மிகுந்துள்ள இது, சமிபாட்டின்பின் பெரும்பாலும் குளுக்கோசாகி இரத்தத்திற் கலக்கின்றது. நீரிழிவுடையாரின் உடல் அதனை வேண்டியவாறு பயன்கொள்ளமாட்டாது. இந்நோயைப் பிறவியில் வருவதென்றும் தகாத உணவால் வருவதென்றும் சுசுருத சங்கிதை இருவகைப்படுத்திற்று. மேனாட்டில், யோன் றொல்லோ என்னும் படை மருத்துவர், புலால் மிகுந்து தாவர உணவு சுருங்கிய பத்தியத்தால் நோயாளரின் சிறுநீரிற் சர்க்கரை குறைவதை 1797 இல் எடுத்துக்காட்டினார். 1863 இல் இலண்டனில் வில்லியம் பன்ரிங் என்பார், தம் மருத்துவர் சொற்படி பாண், சீனி, உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கி உடற்பருமன் குறைந்த வரலாற்றைச் சிறுநூலாக வெளியிட்டார். 1921 இல் தொறன்ரோ நகரில் பிரடெரிக் பன்ரிங், சாள்ஸ் பெஸ்ற் முதலியோர் இன்சுலினைப் பிரித்தெடுக்கும்வரை, உணவுக் கட்டுப்பாடே நீரிழிவுக்குரிய தலையாய சிகிச்சையாக இருந்தது. அக்காலத்துக் கடும் பட்டினிப் பத்தியம் நோயுற்ற சிறுவரின் ஆயுளைச் சிறிது நீட்டிற்றேயன்றி அவரைக் காக்கவில்லை. உணவின் ஆற்றலும் அதன் எல்லையும் இவ்வரலாற்றால் ஒருங்கே புலனாகின்றன.

இனி எமது ஊரை நோக்குவோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின்கீழ்த் தேங்கிய கிணற்று நீரே தோட்டங்களுக்கு ஆதாரம். மாரி மழையை நம்பி ஆண்டிற்கு ஒருமுறை விளைந்த மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய நெல் ஆண்டு முழுவதற்கும் போதவில்லை. அக்குறையைக் குரக்கனும் சாமையும் வரகும் பனையும் நிரப்பின. ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் பஞ்சகாலத்திற்கு வைத்த சேமிப்பாயின. முருங்கை, முசுட்டை, அகத்தி, வல்லாரை, பொன்னாங்காணி ஆகியன வேலியிலும் வளவிலும் கிடைத்தன. மயிலிட்டி முதலிய கரைகளிலிருந்து அன்று பிடித்த சூடையும் பாரையும் கணவாயும் அன்றே அடுப்பேறின.

ஒடியற்கூழை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அதிற் கரைப்பது சிறிதளவு ஒடியல் மா. பானையை நிரப்புவனவோ மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, கீரை என்பன. சைவ உணவினர் மீனை விலக்கி மரக்கறிகளால் அதனை ஆக்குவர். ஒடியலும் குரக்கனும் மாப்பொருளே என்பதை ஈண்டு மறத்தலாகாது. முன்னோர் உணவை இன்றைய மருத்துவர் கூறும் பொருளில் மாப்பொருள் குறைந்த உணவு எனல் மிகைக் கூற்றாகும். ஆயினும் அம்மாப்பொருள் தவிடும் நாரும் நீங்காதது, அளவில் அடங்கியது, கறியோடு கலந்தது. துலாமிதித்து நீரிறைத்தும் மண்வெட்டி பிடித்தும் உழைத்த உடல் அதனை எரித்தது.

இந்நிலை மாறிய வரலாற்றிற் காங்கேசன்துறைக்கும் ஓரிடம் உண்டு. மாவிட்டபுரத்திற்குரிய காங்கேயன் திருவுருவம் வந்திறங்கியதால் இத்துறை இப்பெயர் பெற்றதென்பது ஐதிகம். 1902 இல் இங்கிருந்து சாவகச்சேரிவரை புகைவண்டி ஓடிற்று. 1905 இல் அப்பாதை கொழும்போடு இணைந்தது. இலங்கை அக்காலத்தில் அரிசிக்குப் பர்மாவையும் இந்தியாவையும் பெரிதும் நம்பியிருந்தது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானபோது அரிசி பங்கீட்டிற்குள்ளாயிற்று; கோதுமை மா வீடுதோறும் புகுந்தது. கோதுமை மாப் பிட்டும் பாணும் போர் முடிந்தபின்னரும் நீங்கவில்லை. 1950 இல் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை இப்பகுதியிற் பலருக்கு மாதச் சம்பளம் தந்தது. தோட்டத்து உழைப்போடு கடையுணவும் வாழ்க்கையிற் கலந்தது. 1953 இல் பங்கீட்டரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது நாடு ஹர்த்தாலில் இறங்கிற்று. அதே ஆண்டிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசி அத்துணைத் தூரம் மக்களின் வயிற்றையும் அரசியலையும் பிணித்திருந்தது.

இவற்றினும் பெரிய மாற்றம் 1990 இல் நேர்ந்தது. போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். தோட்டம், கிணறு, பனங்காணி, கடல் ஆகிய நான்கும் ஒருங்கே கைவிட்டுப் போயின. முகாம்களில் அவர்க்குக் கிடைத்தவை அரிசி, மா, பருப்பு, சீனி முதலிய நிவாரணப் பொருள்கள். அவை உயிர் காத்தன. அவற்றைப் பழித்தல் நன்றியன்று. எனினும் சாக்கிற் கட்டி வைக்கக்கூடியவை அவையே. முருங்கையிலையையும் பச்சை மீனையும் சாக்கிற் கட்டி வைத்தல் இயலாது. மக்களின் உணவு எவ்வாறு மாப்பொருளின்பாற் சாய்ந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டுவதில்லை. 2005–2006 இல் நிகழ்ந்த தேசிய ஆய்வொன்று, வளர்ந்தோரிற் பத்தில் ஒருவர்க்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. அவ்வாய்விலும் வட, கிழக்கு மாகாணங்கள் இடம்பெறவில்லை. எம்மவர் நோய் எண்ணப்படாமலே கிடந்தது.

மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் மக்களிடம் மீண்டது. காணிகளும் படிப்படியாக விடுவிக்கப்பட்டு வந்தன. காணி மீள்வதென்பது உறுதிப்பத்திரம் மீள்வது மட்டுமன்று. வேலி முருங்கையும் அடுக்களைத் தோட்டமும் மீள்வதாகும். ஆதலின், மருத்துவர் கூறும் உணவுமுறைக்கு எம்மவர் கடல் கடந்து பொருள் தேடவேண்டுவதில்லை. கோப்பையிற் சோற்றைக் குறைத்து, கீரை வறையையும் மரக்கறியையும் மீனையும் மிகுத்தால் அதுவே போதும். சைவ உணவினர்க்குப் பயறு, உழுந்து, தயிர், நிலக்கடலை என்பன உள.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் வேண்டும். குரக்கன் பிட்டாயின் அளவின்றி உண்ணலாம் என்பது பிழை. இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர், மருத்துவரைக் கேளாது சோற்றைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து இடர் விளையும்.

முகாமிற் பிறந்து வளர்ந்தோர் பலர் முசுட்டையைக் கண்டால் அறியார். அதனை அறிந்த முதியோரோ நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். மாணவர்கள் தத்தம் ஊர் முதியோரிடம் கீரைகளின் பெயரையும் ஆக்கும் முறையையும் உண்ட அளவையும் கேட்டு எழுதி வைப்பாராயின், அவ்வேடு வரலாற்றுக்கும் உதவும், வைத்தியத்துக்கும் உதவும்.