பாட்டுக்கு முன்னே நாலு நிமிடம்

1972-ல் டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘ஆல் டைரக்‌ஷன்ஸ்’ இசைத்தட்டை வாங்கிச் சுழலவிட்டவர்கள், ‘பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்’ பாட்டில் முதல் குரலைக் கேட்கக் கிட்டத்தட்ட நாலு நிமிடம் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் பேஸ் கிதாரில் சில சுரங்கள். பிறகு ஓர் இடைவெளி. மறுபடி அதே சுரங்கள். டிரம்ஸின் ஹை-ஹாட் மட்டும் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. வயலின்கள் எங்கோ தொலைவில் எழுந்து அடங்குகின்றன. வா-வா பெடலை மிதித்து வாசிக்கும் கிதார், யாரோ வாய்க்குள் முணுமுணுப்பதுபோல் நுழைகிறது. வாயடைத்த டிரம்பெட் ஒன்று எதிரொலியோடு அழுதுவிட்டுப் போகிறது. கிட்டத்தட்ட 12 நிமிடப் பாட்டு முழுவதும் ஒரே கார்டில், அதாவது ஒரே சுரக்கூட்டில், நிற்கிறது.

அமெரிக்காவே கொண்டாடிய ஐந்து பாடகர்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களை அத்தனை நேரம் காக்க வைத்தவர் நார்மன் விட்ஃபீல்ட். அந்தத் தட்டின் தயாரிப்பாளர்.

தயாரிப்பாளர் என்றால் நமக்குப் படத்துக்குப் பணம் போடுபவர்தான் நினைவுக்கு வருவார். இசைத்தட்டுத் தொழிலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. எந்தப் பாட்டு, யார் குரல், எந்தச் சுருதி, எந்த வாத்தியம் எப்போது நுழைய வேண்டும், எந்தப் பதிவு கடையில் விற்கத் தகுந்தது என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பவர் அவர்தான். சினிமாவில் இயக்குநர் பார்க்கும் வேலைக்கு நெருக்கமானது. சைக்கடெலிக் சோல் என்ற இசைவகை டெட்ராய்டில் உருவான விதம், இந்த வேலையை விட்ஃபீல்ட் எவ்வளவு தூரம் நீட்டினார் என்பதன் கதை.

1940-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர் அவர். பதின்பருவத்தில் டெட்ராய்ட் வந்து சேர்ந்தார். பில்லியர்ட்ஸ் கூடங்களில் பொழுதைக் கழித்தவர், 19 வயதில் மேற்கு கிராண்ட் பூல்வார்டின் 2648-ஆம் எண் வீட்டைச் சுற்றத் தொடங்கினார். குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி பெரி கோர்டி தொடங்கிய மோட்டவுன் நிறுவனம் அங்கேதான் இருந்தது. விட்ஃபீல்டுக்கு அங்கே முதலில் கிடைத்தது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பதிவான பாட்டுகளைக் கேட்டு, எது தேறும் எது தேறாது என்று மதிப்பிட வேண்டும். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த கோர்டி, பாட்டையும் அப்படியே வரிசையில் ஏற்றிச் செய்து முடித்து அனுப்ப நினைத்தவர். மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டும், வானொலியில் ஒலித்த உடனே ஆளை இழுக்க வேண்டும் என்பது அங்கே பொதுக் கணக்கு. அந்தக் கணக்கை விட்ஃபீல்ட் உள்ளிருந்தே கற்றார்.

1966-ல் டெம்ப்டேஷன்ஸ் அவர் கைக்கு வந்தது. அதுவரை அவர்களுக்குப் பாட்டு எழுதித் தயாரித்தவர் ஸ்மோக்கி ராபின்சன். அவருடைய ‘கெட் ரெடி’ பாப் பட்டியலில் 29-ஆம் இடத்தோடு நின்றுவிட, விட்ஃபீல்டின் ‘எய்ன்ட் டூ ப்ரவுட் டு பெக்’ வெளிவந்து அதைத் தாண்டிப் போனது. அதில் குழுவின் பாடகர் டேவிட் ரஃபினுக்கு எட்டாத உயரத்தில் சுருதி வைத்துப் பாட வைத்தார். குரல் விரிசல் விடும் இடத்தில்தான் கெஞ்சல் கெஞ்சலாகக் கேட்கும் என்பது அவர் கணிப்பு. மோட்டவுனின் இன்னொரு பாடகரான மார்வின் கேயிடமும் இதையே செய்தார்.

மார்வின் கே பாடிய ‘ஐ ஹெர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’ 1967-லேயே பதிவாகிவிட்டது. கோர்டிக்குப் பிடிக்கவில்லை. விட்ஃபீல்ட் சோர்ந்துவிடவில்லை. அதே பாட்டைத் துள்ளும் தாளத்துக்கு மாற்றி கிளாடிஸ் நைட் அண்ட் த பிப்ஸ் குழுவிடம் கொடுத்தார். அது இரண்டாம் இடம்வரை ஏறியது. கேயின் பதிவு 1968-ல் ஓர் ஆல்பத்துக்குள் ஒளிந்தபடி வெளிவர, வானொலி அறிவிப்பாளர்கள் அதைத் தேடிப் பிடித்து ஒலிபரப்பினார்கள். பிறகு தனித்தட்டாக வந்து ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. ஒரு மெட்டை ஒருமுறை பதிவு செய்ததோடு அவருக்கு மனசு ஆறாது. வேறு குரல், வேறு வேகம், வேறு இருட்டு என்று அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்.

1967 ஜூலையில் டெட்ராய்ட் எரிந்தது. ஐந்து நாள் கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். வியட்நாமில் போர் நீண்டுகொண்டே போனது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் ராக் கிதாரையும் தேவாலயப் பாட்டின் ஆவேசத்தையும் கலந்து வந்துகொண்டிருந்தது. டெம்ப்டேஷன்ஸின் ஓட்டிஸ் வில்லியம்ஸ் அந்தக் குழுவைப் பற்றிச் சொன்னபோது விட்ஃபீல்ட் முதலில் அலட்சியமாகத்தான் தள்ளினார். ஆனால் சீக்கிரமே அதே திசையில் ‘கிளவுட் நைன்’ பாட்டோடு ஸ்டுடியோவுக்கு வந்தார்.

ஒத்திகையில் டெனிஸ் காஃபி என்ற இளம் கிதார்க் கலைஞர் பையிலிருந்து வா-வா பெடலை எடுத்துச் செருகினார். காலால் மிதிக்க மிதிக்க கிதாரின் தொனி வாய் திறந்து மூடுவதுபோல் மாறியது. தேடிக்கொண்டிருந்த சத்தம் இதுதான் என்று விட்ஃபீல்ட் அந்த இடத்திலேயே முடிவு செய்தார். ரஃபினுக்குப் பதிலாக வந்திருந்த டெனிஸ் எட்வர்ட்ஸின் கரகரப்பிலிருந்து மெல்வின் ஃபிராங்க்ளினின் அடித்தொண்டை வரை ஐந்து பேரும் ஆளுக்கொரு வரியாகப் பிடித்துப் பாடினார்கள். காதலுக்குப் பதில் ஏழைக் குடியிருப்பும் பசியும் பாட்டுக்குப் பொருளாயின. வரிகளை எழுதிய பேரட் ஸ்ட்ராங், ‘மணி’ என்ற பாட்டைப் பாடி மோட்டவுனுக்கு முதல் வெற்றி தேடித் தந்தவர். ‘கிளவுட் நைன்’ அந்த நிறுவனத்துக்கு முதல் கிராமி விருதைக் கொண்டுவந்தது.

அதன்பின் பாட்டுகள் நீண்டன. ‘ரன்அவே சைல்ட், ரன்னிங் வைல்ட்’ ஆல்பத்தில் ஒன்பது நிமிடத்தைத் தாண்டியது. 1970-ல் ‘சைக்கடெலிக் ஷாக்’, ‘பால் ஆஃப் கன்ஃப்யூஷன்’. அதே ஆண்டு ‘வார்’ என்ற போர் எதிர்ப்புப் பாட்டை டெம்ப்டேஷன்ஸ் ஆல்பத்தில் பாடியிருந்தார்கள். அதைத் தனித்தட்டாக விடச் சொல்லி மாணவர்கள் கடிதம் எழுதினார்கள். குழுவின் பெயருக்குச் சேதம் வருமோ என்று நிறுவனம் தயங்கியது. விட்ஃபீல்ட் தன் வழக்கப்படி அதை மறுபடி உருவாக்கினார்; இந்த முறை எட்வின் ஸ்டாரின் கர்ஜனையில். மூன்று வாரம் அது முதலிடத்தில் இருந்தது.

இத்தனை இரைச்சலுக்கு நடுவே, 1971-ல் ‘ஜஸ்ட் மை இமாஜினேஷன்’ என்று பட்டுப்போல ஒரு காதல் பாட்டும் அவரிடமிருந்தே வந்தது. டெம்ப்டேஷன்ஸின் எடி கென்ட்ரிக்ஸின் மென்குரலுக்கு எந்த வித்தையும் வேண்டாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

‘பாப்பா’வையும் அவர் முதலில் அன்டிஸ்பியூட்டட் ட்ரூத் குழுவுக்குத்தான் கொடுத்தார், அது பெரிதாக எடுபடவில்லை. டெம்ப்டேஷன்ஸ் பதிவின்போது தந்தை இறந்த தேதியைச் சொல்லும் முதல் அடியை எட்வர்ட்ஸ் வழக்கம்போல ஓங்கிப் பாடினார். விட்ஃபீல்டுக்கு அடங்கிய குரல் வேண்டும். மறுபடி, மறுபடி என்று பாட வைத்தார். பொறுமை இழந்த பாடகர் கோபத்தை உள்ளே அழுத்திக்கொண்டு பாடியதே நாம் இன்று கேட்கும் குரல்.

பாடகர்களுக்கு மனக்குறை இருந்தது, அது நியாயமானதும்கூட. காதல் பாட்டுகளைப் பாடி வளர்ந்தவர்கள், தங்கள் தட்டிலேயே தாங்கள் ஒரு வாத்தியமாகிவிட்டதாக உணர்ந்தார்கள். 1973-ல் வந்த ‘மாஸ்டர்பீஸ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு கிட்டத்தட்ட 14 நிமிடம். அதில் அவர்கள் பாடும் பகுதி மிகக் குறைவு. வெகுநாள் ஆகாமல் இரு தரப்பும் பிரிந்தன. விட்ஃபீல்ட் சொந்த நிறுவனம் தொடங்கி, ரோஸ் ராய்ஸ் குழுவோடு ‘கார் வாஷ்’ படத்துக்கு இசையமைத்து இன்னொரு கிராமி வாங்கினார். 2008 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார்.

‘பாப்பா’ தனித்தட்டுக்கு 1973-ல் மூன்று கிராமிகள் கிடைத்தன. பாடியதற்காக டெம்ப்டேஷன்ஸுக்கு ஒன்று. எழுதியதற்காக விட்ஃபீல்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் ஒன்று. மூன்றாவது, தட்டைத் திருப்பிப் போட்டால் கேட்கும் பின்பக்கத்துக்கு. குரல்களை எடுத்துவிட்டு பேஸும் வயலினும் டிரம்பெட்டும் மட்டும் ஒலிக்கும் அந்தப் பக்கத்துக்கான விருதை விட்ஃபீல்டும் இசைக்கோர்ப்பாளர் பால் ரைசரும் பெற்றார்கள்.